பயணத்தில் பர்ஸ் தொலைந்துவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஸ்ஸிலோ ரயிலிலோ கோயில் கூட்டத்திலோ பர்ஸைத் தொலைத்தவர்கள், அதைக் கண்டெடுத்தவர்கள், காசில்லாமல் நிற்கிற ஒருவர் வந்து உதவி கேட்டபோது என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தவர்கள். இந்த மூன்று பேரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பஸ், கோயில் பற்றிய பதில்கள் தமிழ்நாட்டுக்கு. சட்டம், வங்கி, ரயில் பற்றியவை நாடு முழுவதற்கும்.

பர்ஸைக் காணோம் என்று தெரிந்ததும் முதல் வேலை என்ன?

கார்டை நிறுத்துவது. தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கையில் போன் இருந்தால் வங்கியின் செயலியைத் திறந்து டெபிட், கிரெடிட் கார்டுகளைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். பெரும்பாலான வங்கிகளின் செயலியில் இந்த வசதி உண்டு. பர்ஸ் சீட்டுக்கு அடியிலேயே கிடைத்துவிட்டால் மறுபடி திறந்துகொள்ளலாம். ஆகவே "கிடைத்துவிடுமோ, அவசரப்படுகிறோமோ" என்று தயங்க வேண்டியதில்லை. தட்டிப் பணம் செலுத்தும் கார்டுகளில் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே செலவழிக்க முடியும். யார் கையில் போனதோ தெரியாதபோது அரை மணி நேரம்கூட நீண்ட நேரம்.

கார்டு தொலைந்ததை வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் மோசடிக்கு வாடிக்கையாளர் பொறுப்பல்ல, நஷ்டம் வங்கியைச் சேரும் என்பது ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதி. அதனால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930. இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் அது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. பஸ் போய்விட்டது. என்ன செய்யலாம்?

டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். எந்தப் பஸ், எந்த நேரம் என்று தேட அந்தச் சின்னக் காகிதத்தில் இருக்கும் விவரம்தான் பிடி. பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் அறைக்குப் போய் அதைக் காட்டுங்கள். அவர் அடுத்த நிலையத்துக்கோ டிப்போவுக்கோ போன் செய்தால் கண்டக்டரைப் பிடித்துவிடலாம். டைம் கீப்பருக்கு முடியாத நேரம் என்றால், அதே வழியில் அடுத்துப் புறப்படும் பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லுங்கள். கண்டக்டர்களுக்குள் போன் தொடர்பு இருக்கும். நோட்டீஸ் பலகையில் உள்ள எந்த எண்ணையும்விட இந்த வழி வேகமாக வேலை செய்து பார்த்திருக்கிறேன்.

வண்டியில் கிடைத்த பொருளைக் கண்டக்டர் டிப்போவில் ஒப்படைப்பதுதான் நடைமுறை. அன்றிரவே கிடைக்காவிட்டாலும் மறுநாள் காலை டிப்போவில் ஒரு தடவை நேரில் கேளுங்கள். சென்னையிலிருந்து மதுரை போகிற பஸ்ஸில் திருச்சியில் இறங்கியிருந்தால், பஸ் எந்த டிப்போவைச் சேர்ந்ததோ அங்கே கேட்க வேண்டும். திருச்சியில் தேடிப் பயனில்லை.

ரயிலில் விட்டுவிட்டால்?

139க்குக் கூப்பிடுங்கள், அல்லது 'ரயில் மதத்' செயலியில் பதிவு செய்யுங்கள். ரயில் எண், பெட்டி, பெர்த் எண், பி.என்.ஆர். இந்த நான்கும் தயாராக இருக்கட்டும். ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்து நிற்கும் நிலையத்தில் ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) காவலர் ஏறிப் பார்க்க வாய்ப்புண்டு. பயணிகள் விட்டுச்சென்ற பொருளை மீட்டுக் கொடுப்பதற்கென்றே இந்தப் படை 'ஆபரேஷன் அமானத்' என்ற பெயரில் ஒரு பணியை நடத்துகிறது. எனவே தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற எண்ணம் வேண்டாம்.

ரயில் கடைசி நிலையத்தை அடைந்துவிட்டது என்றால் அங்கேதான் விசாரிக்க வேண்டும். எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி மதுரையில் இறங்கியவரின் பர்ஸ் கன்னியாகுமரி வரை போயிருக்கும். அங்குள்ள ஸ்டேஷன் மாஸ்டர் அலுவலகத்துக்கும் ஆர்.பி.எஃப். நிலையத்துக்கும் தகவல் போக வேண்டும்.

விட்டதல்ல, திருடு போனது என்றால் அது ரயில்வே போலீஸின் வேலை. ஓடும் ரயிலிலேயே டிக்கெட் பரிசோதகரான டி.டி.இ.யிடமோ காவலரிடமோ புகார் எழுதிக் கொடுக்கலாம். அதற்காகப் பாதி வழியில் இறங்க வேண்டியதில்லை.

அடையாள அட்டையும் பர்ஸோடு போய்விட்டது. டி.டி.இ. கேட்டால்?

அரசின் ஆவணச் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்ஆதாரிலோ இருக்கும் ஆதாரையும், டிஜிலாக்கரில் இருக்கும் ஓட்டுநர் உரிமத்தையும் ரயில்வே ஏற்றுக்கொள்கிறது. போனில் எடுத்து வைத்த புகைப்படம் செல்லாது, செயலியைத் திறந்து காட்ட வேண்டும். கவுன்டரில் எடுத்த அச்சு டிக்கெட் தொலைந்திருந்தால், உறுதியான இருக்கைக்கு மாற்று டிக்கெட் கிடைக்கும். சார்ட் (பயணிகள் பட்டியல்) தயாராகும் முன் சிறு கட்டணம், பிறகு என்றால் பாதிக் கட்டணம். சார்ட்டுக்கு முன்பே ஓடுங்கள்.

ஆட்டோவில் விட்டேன். வண்டி நம்பர் தெரியாது.

வாடகையை யுபிஐயில் கொடுத்திருந்தால் பணம் போன கணக்கில் ஓட்டுநரின் பெயர் இருக்கும், பல செயலிகளில் அங்கேயே செய்தியும் அனுப்பலாம். காசாகக் கொடுத்திருந்தால் ஏறிய இடத்து ஆட்டோ ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போங்கள். வண்டியின் அடையாளமும் ஓட்டுநரின் வயதும் சொன்னாலே ஸ்டாண்டில் உள்ளவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பயணி விட்டுச்சென்ற நகைப்பையைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ஆட்டோ ஓட்டுநரைப் போலீஸ் அதிகாரி பொன்னாடை போர்த்திப் பாராட்டும் படம் நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. அந்தச் செய்தியைப் படிக்காமல் தாண்டிவிட எனக்கு இன்றுவரை மனம் வந்ததில்லை.

கோயில் கூட்டத்தில் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

பணம் கிடைப்பது அரிது. மற்றவை கிடைக்க வாய்ப்புண்டு. ஜேப்படிக்காரருக்கு வேண்டியது நோட்டு மட்டும். எடுத்த சில நிமிஷங்களில் பர்ஸை எங்காவது போட்டுவிடுவார். செருப்பு விடும் இடம், கழிப்பறை, குப்பைத்தொட்டி, குளத்துப் படிக்கட்டு என்று பக்கத்திலேயே ஒரு சுற்று பாருங்கள். உண்டியலிலும் தபால் பெட்டியிலும் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கோயில் அலுவலகத்தில் உங்கள் பெயரும் போன் எண்ணும் எழுதிக் கொடுங்கள். உண்டியல் எண்ணும் நாள் வரை பொறுத்திருக்க வேண்டியிருக்கலாம். தைப்பூசத்தில் பழனி, கார்த்திகை தீபத்தில் திருவண்ணாமலை, சூரசம்ஹாரத்தில் திருச்செந்தூர் போன்ற பெருங்கூட்டங்களில் போலீஸ் உதவி மையத்து மைக்கில் அறிவிக்கச் சொல்லலாம். பிள்ளைகள் தொலைந்தால் மட்டும்தான் மைக் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை.

போலீஸில் புகார் கொடுத்தே ஆக வேண்டுமா?

கொடுப்பது நல்லது. திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், "எங்கள் எல்லையில்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. தொலைந்தது என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, உரிமம், சான்றிதழ் ஆகியவை தொலைந்ததற்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே அறிக்கை பதிவு செய்து எடுத்துக்கொள்ள முடியும். ஊர் திரும்பிய பிறகு வீட்டிலிருந்தே செய்துவிடலாம்.

கையில் ஒரு ரூபாய் இல்லை. ஊருக்கு எப்படிப் போவது?

போன் இருக்கிறதா? பாதிக் கவலை போயிற்று. யுபிஐ வழியாகக் கார்டு இல்லாமலே பணம் எடுக்கும் வசதி பல ஏ.டி.எம்.களில் வந்துவிட்டது. திரையில் வரும் கட்டத்தைப் போனால் ஸ்கேன் செய்தால் நோட்டு வரும்.

போனில் யுபிஐ இல்லை, அல்லது கணக்கில் பணம் இல்லை என்றால், இன்றைக்கு நம் ஊர் பஸ் நிலையங்களில் நடக்கும் அழகான வழி ஒன்று இருக்கிறது. ஏதாவது ஒரு கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். கடைக்காரருடைய ஸ்கேனர் படத்தையோ எண்ணையோ வீட்டாருக்கு அனுப்பி, வீட்டிலிருந்து அவர் கணக்கில் 500 ரூபாய் போடச் சொல்லுங்கள். கடையின் ஒலிபெருக்கி பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும். அவர் கல்லாவைத் திறந்து நோட்டை எடுத்து நீட்டுவார். உங்களை நம்பித் தம் காசைத் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, கை நீட்டிவிட்டோம் என்ற குறுகல் உங்களுக்கும் இல்லை. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் நள்ளிரவு தாண்டி ஒரு டீக்கடைக்காரர் ஒரு கல்லூரிப் பையனுக்கு இப்படிச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பணம் வருவதற்குள் பையன் கையில் டீயும் பன்னும் இருந்தன. "மொதல்ல சாப்பிடு தம்பி, சிக்னல் எங்க போயிரப்போவுது" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை.

பெண்கள் என்றால் இன்னொரு வசதி: தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணம் கிடையாது. பர்ஸே இல்லாமலும் பஸ் நிலையத்திலிருந்து வீடோ தெரிந்தவர் வீடோ போய்ச் சேரலாம். இரவில் தனியாக நிற்கும்படி ஆகிவிட்டால் அவசர உதவிக்கு 112 அல்லது பெண்களுக்கான உதவி எண் 181.

பசியோடு முடிவெடுக்காதீர்கள். பழனி, ஸ்ரீரங்கம் போன்ற பெரிய கோயில்களில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது, யார் என்னவென்று கேட்பதில்லை. சென்னையில் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்.

போனும் சேர்ந்து போய்விட்டது என்றால்?

மனப்பாடமாகத் தெரிந்த ஒரு எண் வேண்டும். அப்பாவுடையதோ மனைவியுடையதோ தங்கையுடையதோ, ஒன்றாவது. யாரிடமாவது போன் வாங்கி அந்த எண்ணுக்குப் பேசி, கார்டையும் சிம்மையும் வீட்டிலிருந்தபடியே நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு மேலே சொன்ன டீக்கடை வழி.

அந்நியரிடம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. "பர்ஸ் தொலைஞ்சுபோச்சு சார், ஊருக்குப் போகக் காசில்லை" என்பதை ஒரு தொழிலாகவே சொல்லித் திரிபவர்கள் எல்லா பஸ் நிலையத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பறித்தது அந்த இருபது ஐம்பது ரூபாயை மட்டுமல்ல. உண்மையாகவே தொலைத்தவர் வாயைத் திறக்க முடியாமல் செய்துவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் உள்ள கோபமெல்லாம் இதற்காகத்தான்.

ஆனால் கேட்கும் விதத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். முதலில் காசு கேட்காதீர்கள், போன் கேளுங்கள். "அண்ணே, பர்ஸைத் தொலைச்சுட்டேன், வீட்டுக்கு ஒரு போன் பேசணும், நீங்களே நம்பர் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. போனைக் கையில் கொடுக்கத் தயங்கினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். மறுமுனையில் உங்கள் அம்மா பதறுவதை அவரும் கேட்பார், அதற்குமேல் அடையாள அட்டை எதற்கு?

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். அந்த இடத்திலேயே பிழைப்பு நடத்துகிறவரிடம் கேளுங்கள். டீக்கடை, மருந்துக்கடை, பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டில் மூத்தவர். நாளைக்கும் அங்கேயே இருப்பவர் என்பதால் அவரால் நிதானமாகக் கேட்க முடியும், அக்கம்பக்கத்தில் சொல்லவும் முடியும். பஸ் பிடிக்க ஓடுகிற பயணி பாவம், அவருக்கு உங்களைப் பார்க்கவே நேரமில்லை. நீங்கள் கேட்காமலே நெருங்கி வந்து "வாங்க, நான் கொண்டுபோய் விடுறேன்" என்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவரோடு வெளிச்சத்தைவிட்டுத் தாண்டாதீர்கள்.

ஒருவர் என்னிடம் வந்து இப்படிக் கேட்டால் நம்பலாமா?

நம்புவதா வேண்டாமா என்று குழம்பாமல் உதவ வழி இருக்கிறது. காசு கொடுப்பதற்குப் பதில் கண்டக்டரிடம் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். சாப்பாடு என்றால் ஓட்டலில் பில் கட்டுங்கள். வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுங்கள். பொய் சொல்பவர் இந்த மூன்றையும் வேண்டாம் என்பார். தொலைத்தவர் மூன்றுக்கும் கண்கலங்குவார். இரண்டும் நேரில் பார்த்தது.

பர்ஸைக் கண்டெடுத்தவர் உண்மையிலேயே திருப்பித் தருவாரா? பணம் இருந்தால் வைத்துக்கொள்ள மாட்டாரா?

இதை உலக அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். ஆய்வாளர்கள் வங்கி, தபால் நிலையம், தங்கும் விடுதி, அருங்காட்சியகம், காவல் நிலையம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில் "வெளியே கிடந்தது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பர்ஸைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே முகவரி அட்டை, ஒரு சாவி, மளிகைச் சாமான் பட்டியல். சிலவற்றில் பணம், சிலவற்றில் இல்லை. பணம் இருந்தால் திரும்புவது குறையும் என்றுதான் பொதுமக்களும் பொருளாதார நிபுணர்களும் கணித்தார்கள். நடந்தது நேர்மாறு. பணமில்லாத பர்ஸுக்காக உரியவரைத் தொடர்புகொண்டவர்கள் சுமார் 40 சதவீதம், பணம் இருந்ததற்கு 51 சதவீதம். மூன்று நாடுகளில் தொகையைப் பல மடங்கு கூட்டியபோது 72 சதவீதம். 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இது. இந்தியாவும் அந்த 40 நாடுகளில் ஒன்று.

எனக்குப் பிடித்தது அந்தச் சாவிதான். கண்டெடுத்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, தொலைத்தவருக்கு மட்டுமே அது தேவை. சாவி இருந்த பர்ஸ்கள் சாவி இல்லாதவற்றைவிட அதிகமாகத் திரும்பின. வீட்டு வாசலில் உள்ளே போக முடியாமல் யாரோ நிற்பார்களே என்று முன்பின் தெரியாத ஒருவர் நினைத்திருக்கிறார்.

அந்தப் பர்ஸ்களில் உரியவரைத் தொடர்புகொள்ளும் விவரம் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது என்பதையும் கவனியுங்கள். நம் பர்ஸ்களில் அது இருப்பதில்லை. உரிமத்தில் பழைய வாடகை வீட்டு முகவரி. பான் கார்டில் முகவரியே கிடையாது. ஆதாரில் முகவரி உண்டு, ஆனால் மேலப்பாளையத்துக்காரரின் பர்ஸைத் தாம்பரத்தில் கண்டெடுத்தவர் என்ன செய்வார்? திரும்பாத பர்ஸ்களில் பல, கொடுக்க மனமிருந்தும் யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன என்பதே என் நம்பிக்கை.

நான் ஒரு பர்ஸைக் கண்டெடுத்தேன். சட்டப்படி என் கடமை என்ன?

எடுத்தது குற்றமில்லை. உரியவரிடம் சேர்க்கும் எண்ணத்தோடு எடுத்து வைத்திருப்பதைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது நியாயமான முயற்சியில் தெரிந்துகொள்ள முடிந்தும், சொந்தமாக்கிக்கொண்டால் அது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 403ஆவது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவு. கண்டெடுத்துக் கையில் எடுத்த பிறகு, ஒப்படைக்கப்பட்ட பொருளைப் போலப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பும் உங்களுடையது என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம்.

நடைமுறையில், எடுத்த இடத்துக்குப் பக்கத்துக் கடையில் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் தொலைத்தவர் முதலில் தேடிவருவது அங்கேதான். கார்டு இருந்தால் அதன் பின்புறம் உள்ள வங்கி எண்ணுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்வார்கள். முடியாவிட்டால் காவல் நிலையம். ஆதார் அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் அந்த எண் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. பெயரும் கிடைத்த இடமும் போதும். யாராவது "என்னுடையது" என்று கூப்பிட்டால், உள்ளே என்ன இருந்தது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

"உங்கள் பர்ஸ் என்னிடம் இருக்கிறது" என்று ஒருவர் கூப்பிட்டு ஓடிபி கேட்கிறார்.

வைத்துவிடுங்கள். பர்ஸைத் திருப்பித் தர ஓடிபியும் தேவையில்லை, முன்பணமும் தேவையில்லை.

பர்ஸ் வந்தது, பணம் குறைகிறது. கொண்டுவந்தவரிடம் கேட்கலாமா?

வேண்டாம். அவர் கைக்கு வருவதற்குள் அது எத்தனை கை மாறியதோ தெரியாது. எடுத்தவன் பணத்தை உருவிவிட்டு எறிந்ததைத்தான் பெரும்பாலும் இன்னொருவர் கண்டெடுத்து, தம் வேலையைவிட்டு உங்களைத் தேடிக் கொண்டுவருகிறார். அவர் முன்னால் நின்று நோட்டை எண்ணுவதுகூட அவருக்கு வலிக்கும். இப்படி ஒருமுறை சந்தேகப் பார்வையைச் சந்தித்தவர் அடுத்த முறை தரையில் கிடப்பதைப் பார்த்தும் பார்க்காமல் நடந்துவிடுவார்.

அன்பளிப்பு கொடுத்தால் தவறாக நினைப்பாரா?

ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆவது பிரிவின்படி, நீங்கள் இன்ன தொகை தருவதாக அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்குப் போடக்கூட அவருக்கு உரிமை உண்டு. அறிவிக்கவில்லை என்றால் கட்டாயமில்லை. ஆனால் அவர் வந்துபோன பஸ் காசும் இழந்த அரை நாள் கூலியும் உண்மையானவை, அதையாவது வற்புறுத்திக் கொடுத்துவிடுங்கள். கையில் நோட்டைத் திணித்தால் சிலர் முகம் சுருங்கிவிடும். "பிள்ளைகளுக்கு" என்று பழமும் இனிப்பும் வாங்கிக் கொடுத்தால் மறுப்பதில்லை. பொங்கலுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

கண்டக்டரோ ரயில்வே ஊழியரோ உதவியிருந்தால் எழுத்தில் பாராட்டுங்கள். டிப்போ மேலாளருக்கு ஒரு கடிதம் போதும். 'ரயில் மதத்' செயலியில் புகாருக்கு இருப்பதுபோலப் பாராட்டுக்கும் தனி இடம் இருக்கிறது. புகார் எழுத எல்லோருக்கும் நேரம் கிடைக்கிறது, இதற்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

அடுத்த பயணத்துக்கு முன் என்ன செய்து வைக்கலாம்?

ஒரே பர்ஸில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள். ஒரு கார்டும் 500 ரூபாயும் பைக்குள் தனியே இருக்கட்டும். ஆதார், உரிமம், வண்டியின் ஆர்.சி. ஆகியவற்றை டிஜிலாக்கர் வழியாகவே எடுத்து வைத்துவிடுங்கள். பின் நம்பரை எழுதி வைக்கவே வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. ஒரு சின்னச் சீட்டில் இப்படி எழுதிப் பர்ஸைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் வையுங்கள்: "இது உங்களுக்குக் கிடைத்தால் தயவுசெய்து இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்." உங்கள் எண் மட்டும் போதாது, போனும் சேர்ந்து தொலைந்திருக்கலாம், வீட்டில் உள்ள இன்னொருவர் எண்ணும் வேண்டும். கேரளா, ஆந்திரா பக்கம் போகிறவர்கள் ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தாலும் அழியாதபடி பால்பாயின்ட் பேனாவால் எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள்.